பினாங்கு வணிகருக்கு எது கட்டுப்படியானது: கப்பல் தபாலா, சாதா தந்தியா, சங்கேதத் தந்தியா?

தந்தி வந்ததும் துறைமுக ஊர்களின் வியாபாரம் ஒரேயடியாக மாறிவிட்டது என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். பினாங்கின் கதை அப்படி இல்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி 1870-71இல் வந்து சேர்ந்தது. அதற்கு இருபது, முப்பது வருடம் கழித்தும் பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனின் வணிகர்கள் கப்பல் புறப்படும் நாள் பார்த்துக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அது பழமையில் ஊறிய பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல சமயம் அவர்கள் செய்ததுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் இந்தக் கேள்வியை அவர்கள் இடத்தில் நின்றே கேட்டுப் பார்ப்போம். 1890களின் பினாங்கு. கடையோ, கிட்டங்கியோ (செட்டியார்கள் கடன் தொழில் நடத்திய இடம்) உங்களுடையது. கடலுக்கு அப்பால் ஒருவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். கப்பலில் கடிதம் அனுப்பலாம். புரிகிற சொற்களில் சாதா தந்தி கொடுக்கலாம். புத்தகம் பார்த்துச் சங்கேதச் சொற்களில் தந்தி கொடுக்கலாம். எதை எடுப்பீர்கள்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. அந்தப் பக்கம் செய்தியை வாங்குகிறவருக்கு, உங்களைக் கேட்காமல் முடிவெடுத்து நடத்தும் அதிகாரமும் உங்களோடு முன்பே பேசிவைத்த ஏற்பாடும் இருந்தால் தந்திக்குக் கொடுக்கும் காசு திரும்பி வரும். இல்லாவிட்டால் கடிதமே மேல். இது எப்படி என்று பார்க்க, முதலில் ஊரையும் கம்பியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரும் கம்பியும்

1786இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த தீவு பினாங்கு. 1867இல் சிங்கப்பூர், மலாக்காவோடு சேர்ந்து நேரடி முடியாட்சிக் குடியேற்றமானது. பீச் ஸ்ட்ரீட்டில் ஐரோப்பியக் கம்பெனிகளும் வங்கிகளும் தவுக்கே எனப்பட்ட சீன முதலாளிகளின் கடைகளும் இருந்தன. சார்ட்டர்ட் வங்கி 1875இலும், ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884இலும் இங்கே கிளை திறந்தன. பினாங்கு ஸ்ட்ரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள். சூலியா ஸ்ட்ரீட் பக்கம் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். எதிர்க்கரையில் பேராக் மாநிலத்து லாருட், கிந்தா சுரங்கங்களின் வெள்ளீயம் (இங்கே ஈயம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்) இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போயிற்று. கொட்டைப்பாக்கும் மிளகும் இங்கிருந்து ஏறின. துணியும் அரிசியும் வந்து இறங்கின.

ஆக ஒரே ஊரில் மூன்று, நான்கு விதமான வணிகம். ஒவ்வொன்றுக்கும் தூரம் வேறு, அவசரம் வேறு. ஈய வியாபாரிக்கு லண்டன் முக்கியம். செட்டியாருக்குக் காரைக்குடியும் சென்னையும் ரங்கூனும். பாக்கு வியாபாரிக்கு நாகப்பட்டினம்.

கம்பி சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் ஏறத்தாழ 1,400 கடல் மைல் வந்தது. போட்டது பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் கம்பெனி. 1873இல் அதுவும் கூட இருந்த வேறு கம்பெனிகளும் ஒன்றாகி ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெரிய நிறுவனமாயின. இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் ஜான் பெண்டர். பருத்தி வியாபாரத்தில் தொடங்கியவர் என்பதால் வணிகர்களுக்குச் செய்தி எவ்வளவு விலை பெறும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கம்பியைச் சுற்றி நீர் புகாமல் காத்தது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். அது மலாய்க் காடுகளில்தான் கிடைத்தது. மரத்தை வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். ஒரு மரத்தில் கிடைப்பது கொஞ்சம்தான், அதனால் காடு காடாக மரங்கள் போயின. உலகத்தை இணைத்த கம்பிகளுக்கு மலாயா கொடுத்த விலை இது. தந்தியின் வரலாற்றில் லண்டன் முதலாளிகளுக்குக் கிடைக்கிற இடத்தில் பாதியாவது அந்தக் காடுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

பினாங்கில் கொடுத்த தந்தி லண்டனுக்கு எப்படிப் போனது? கடலடியில் சென்னை. அங்கிருந்து இந்திய அரசின் தரைக்கம்பியில் பம்பாய். மறுபடி கடலில் ஏடன், சூயஸ், அலெக்சாண்டிரியா, மால்டா, ஜிப்ரால்டர், கடைசியில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள போர்த்கர்னோ. நீளமான கடல் கம்பியில் மின்சாரம் மிக மெலிந்துதான் வந்து சேரும். அதனால் முதலில் ஒரு சிறு கண்ணாடியில் பட்டுத் திரையில் இடமும் வலமும் ஆடுகிற ஒளிப்புள்ளியைப் பார்த்து எழுத்தைப் படித்தார்கள். பிறகு வில்லியம் தாம்சனின் கருவி, காகித நாடாவில் மையால் நெளிகோடு வரைந்து காட்டியது. வழியில் உள்ள நிலையங்களில் ஒரு குமாஸ்தா அதைப் படித்து, மறுபடி அடித்து அனுப்ப வேண்டும். ஒரு செய்தி பல கைகள் மாறிப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை எங்கே நுழைகிறது என்பது இங்கேதான் இருக்கிறது.

பழைய வணிகர்கள் கம்பியைச் சந்தேகத்தோடு பார்த்ததற்கும் காரணம் உண்டு. 1859இல் சிங்கப்பூருக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இடையே போட்ட கம்பி திரும்பத் திரும்ப அறுந்து கைவிடப்பட்டது. அதே காலத்தில் செங்கடலில் போட்ட கம்பியும் வீணாயிற்று. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் தன் முதலைக் கம்பியை நம்பி உடனே ஒப்படைக்க மாட்டார்.

கப்பல் தபால்

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பிறகு பினாங்கிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போக ஏறத்தாழ ஐந்து வாரம், பதில் வர இன்னொரு ஐந்து வாரம். இரண்டரை மாதம் கழித்து வரும் பதிலை வைத்து ஈயம் விற்க முடியாதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கரைக்கு அப்படி இல்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஒழுங்காக ஓடின. பயணம் ஒரு வார அளவுதான். இந்த வித்தியாசத்தைப் பல எழுத்துகள் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. லண்டனோடு வியாபாரம் செய்கிறவருக்குத் தந்தி ஐந்து வாரத்தைச் சேமித்துத் தந்தது. நாகப்பட்டினத்தோடு வியாபாரம் செய்கிறவருக்கு ஒரு வாரத்தை மட்டும்தான் சேமித்துத் தந்தது. கட்டணமோ இரண்டுக்கும் கனமானது.

கடிதத்தின் பெரிய பலம் அதோடு சேர்ந்து போகிற காகிதங்கள். சரக்கு ஏற்றிய ரசீது, காப்பீட்டுப் பத்திரம், உண்டியல், பேரேட்டு நகல், மாதிரிக்கு ஒரு துண்டுத் துணி. இவற்றைக் கம்பியில் அனுப்ப முடியாது. உண்டியல் என்பது பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய சீட்டு, கையில் கொடுத்தால்தான் காசாகும். கையெழுத்து இருந்தால்தான் வழக்கு மன்றத்தில் நிற்கும். அதனால்தான் தந்தி கொடுத்தவர்களும் அடுத்த கப்பலில் அதே செய்தியை உறுதிசெய்து கடிதம் எழுதினார்கள். அது தேவையற்ற இரட்டை வேலை என்று நினைக்க வேண்டாம். தந்தி உத்தரவைக் கொடுக்கும், கடிதம் அதற்குச் சாட்சியாக நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கடிதத்தில் ஒரு ஆளைப் பற்றி எழுதலாம். "இன்னாருக்குக் கடன் கொடுக்கலாம், ஆனால் அவர் மைத்துனர் கையெழுத்தும் வாங்கிக்கொள்" என்று எழுதலாம். கடன் தொழிலில் பாதி, இந்த மாதிரி மனிதர்களை எடைபோடுவதுதான். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து யாரும் அதை எழுத மாட்டார்கள்.

சாதா தந்தி

முதலில் கட்டணம். 1865இல் பாரசீக வளைகுடா வழியாக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் தந்தி தொடங்கியபோது 20 சொல்லுக்கு 5 பவுன் வாங்கினார்கள். 20 சொல்லுக்குக் குறைவாக அனுப்பினாலும் அதே காசு. பிறகு சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆயிற்று, விலையும் படிப்படியாக இறங்கியது. கணக்குக்கு ஒரு சொல் 4 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். முகவரிக்கும் கையெழுத்துக்கும் கூடச் சொல் எண்ணிக் காசு வாங்கினார்கள். கம்பெனிகள் தங்களுக்கென்று ஒற்றைச் சொல் தந்தி முகவரியைப் பதிவு செய்துகொண்டது இதனால்தான். முகவரியோடு சேர்த்து 20 சொல் என்றால் 80 ஷில்லிங், அதாவது 4 பவுன். நாலைந்து தந்தியில் ஒரு சிறு கடையின் மாத லாபம் கரைந்து போகலாம்.

அடுத்தது ரகசியம். சாதா தந்தியை நீங்கள் கொடுக்கும் ஜன்னலில் இருக்கிறவர் படிப்பார், வழியில் உள்ளவர்கள் படிப்பார்கள், கடைசியில் வாங்கிக் கொடுக்கிறவரும் படிப்பார். விலை, அளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஒரே தெருவில் பத்துக் கிட்டங்கி இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மொழியும் ஒரு தடை. மோர்ஸ் முறையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும்தான் போகும். தமிழில் கணக்கு எழுதி, தமிழில் கடிதம் எழுதுகிறவர் தந்திக்கு வந்தவுடன் வேறு எழுத்துக்கு மாற வேண்டும். தனக்குத் தெரியாவிட்டால் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை நம்ப வேண்டும். ரகசியம் அறிந்தவர் எண்ணிக்கையில் இன்னும் ஒன்று கூடுகிறது. சீனர்களுக்கு 1870களிலேயே ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கிலக்க எண் தந்த பட்டியல் வந்துவிட்டது. எண்ணாக அனுப்பி, அந்தப் பக்கம் எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் எண்களுக்கான கூடுதல் கட்டணம் என்ற சுமை இருந்தது.

கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதுதான் தமிழ் வணிகரை ரொம்பவும் சோதித்தது. பினாங்கிலிருந்து சென்னைக்குச் செய்தி சில மணி நேரத்தில் போய்விடும். அப்புறம்? முதலாளி இருப்பது செட்டிநாட்டில் ஒரு ஊரில். தந்தி ஆபீஸ் உள்ள ஊர் வரைதான் கம்பி. அங்கிருந்து ஆள் நடந்து போய்க் கொடுக்க வேண்டும். அவர் வெளியூர் போயிருந்தால் செய்தி திண்ணையில் காத்திருக்கும்.

சரி, சாதா தந்தி எதற்குத்தான் நல்லது? ஒரே வரியில் முடிகிற, ரகசியம் இல்லாத, திருப்பிக் கேள்வி கேட்கத் தேவையில்லாத செய்திகளுக்கு. கப்பல் வந்து சேர்ந்தது, இறந்துவிட்டார், உடனே புறப்படு. இந்த மூன்றுக்கும் சாதா தந்தியை மிஞ்ச ஒன்றுமில்லை. வியாபாரத்தின் அன்றாட வேலைக்கு மூன்றில் இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

சங்கேதத் தந்தி

ஒரு சொல்லுக்குள் ஒரு முழு வாக்கியத்தை அடைக்க முடிந்தால் கட்டணமும் குறையும், படிக்கிறவருக்கும் புரியாது. இந்த யோசனையில் பிறந்தவைதான் சங்கேதப் புத்தகங்கள். கிளாசன் தூ தொகுத்த ஏபிசி சங்கேதப் புத்தகம் 1873இல் வந்தது. கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். வாங்குவது, விற்பது, கப்பல் வாடகை, காப்பீடு என்று வணிகத்தில் வரக்கூடிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களுக்கு ஒவ்வொரு சொல் அதில் இருந்தது. பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனிப் புத்தகம் அச்சிட்டுக்கொண்டன. இரண்டு கடைக்காரர்கள் ஒரு நோட்டில் நாற்பது சொல் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டாலும் அதுவும் சங்கேதம்தான்.

முன்பு போட்ட கணக்கையே போடுவோம். 20 சொல் செய்தி மூன்று சங்கேதச் சொல்லாகவும், முகவரி ஒன்று, கையெழுத்து ஒன்று என்றும் சுருங்கினால் 5 சொல். 20 ஷில்லிங், 1 பவுன். முக்கால் பங்கு மிச்சம். இதைத் தந்திக் கம்பெனிகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1879இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில், ஐரோப்பாவுக்கு வெளியே போகும் தந்திகளில் சங்கேதச் சொல் பத்து எழுத்தைத் தாண்டக் கூடாது, ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் முதலிய எட்டு மொழிகளின் சொல்லாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1903இல்தான், உச்சரிக்க முடிந்தால் எந்த மொழியிலும் இல்லாத புதுச் சொற்களையும் உருவாக்கலாம் என்று தளர்த்தினார்கள். உடனே ஐந்தெழுத்துச் சங்கேதங்கள் வந்தன. இரண்டை ஒட்டிப் பத்தெழுத்தாக்கி ஒரே சொல்லின் காசுக்கு அனுப்பினார்கள். 1906இல் வந்த பென்ட்லியின் புத்தகம் பரவலானது இப்படித்தான்.

ஆபத்து எங்கே? சாதாரண வாக்கியத்தில் ஒரு எழுத்துத் தவறினால் படிக்கிறவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். சங்கேதச் சொல்லில் ஒரு எழுத்துத் தவறினால் அது வேறொரு முழு வாக்கியம் ஆகிவிடும். இதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவின் கம்பளி வியாபாரி பிரிம்ரோஸ் 1887இல் தன் ஆளுக்குச் சங்கேதத் தந்தி கொடுத்தார். அதில் 'பே' என்ற சொல் "நான் வாங்கிவிட்டேன்" என்பதற்கான குறி. வழியில் 'ஏ' எழுத்து 'யூ' ஆகிவிட்டது. மோர்ஸில் இரண்டுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். போய்ச் சேர்ந்தது 'பை', அதாவது வாங்கு. அந்த ஆள் கம்பளியை மலையாக வாங்கிக் குவித்தார். நஷ்டம் 20,000 டாலருக்கு மேல். 1894இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருப்பி அனுப்பிச் சரிபார்க்கக் கூடுதல் காசு கட்டவில்லை என்பதைக் காட்டி, தந்திக்குக் கொடுத்த 1 டாலர் 15 சென்ட் மட்டும் அவருக்கு உரியது என்று தீர்ப்புச் சொன்னது.

அது ஒரு நாட்டுக்குள் போன தந்தி. பினாங்கிலிருந்து லண்டனுக்கு இன்னும் பல கைகள். ஆகவே சங்கேதத்தைத் தேர்ந்தெடுப்பவர், பெரிய தொகை என்றால் சரிபார்க்கும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் காசைச் சேர்த்த பிறகும் சங்கேதம் சாதா தந்தியை விட மலிவு என்பதுதான் அதன் உண்மையான வெற்றி.

ஈயம், பணம், பாக்கு

ஈய வியாபாரிக்குச் சங்கேதத் தந்தி, சந்தேகமே இல்லை. 1877இல் லண்டன் உலோகச் சந்தை அமைந்தபோது, மூன்று மாதம் கழித்துச் சரக்கு ஒப்படைக்கும் பேரம் அதன் அடிப்படை வழக்கமானது. சிலியிலிருந்து செம்பும் மலாயாவிலிருந்து ஈயமும் கப்பலில் வந்து சேர ஆகும் காலத்தை ஒட்டி வந்த கணக்கு அது. அதாவது பினாங்கில் ஏற்றிய ஈயம் கடலில் இருக்கும்போதே லண்டனில் விலை பேசப்பட்டுவிடும். அந்த ஆட்டத்தில் ஐந்து வாரப் பழைய விலையோடு உட்கார முடியாது. லண்டன் முகவரும் "இந்த விலைக்கு மேல் வந்தால் விற்றுவிடு" என்ற உத்தரவோடு அங்கேயே இருக்கிறார். எதிர்முனையில் ஆளும் உண்டு, அதிகாரமும் உண்டு.

சுரங்கக்காரர் நிலை வேறு. லாருட்டில் மண் அள்ளிக் கழுவுகிற சீனச் சுரங்கக்காரருக்கு லண்டன் விலை பீச் ஸ்ட்ரீட் வழியாகத்தான் வந்தது. விலை ஏறிய செய்தி முதலில் வாங்குகிறவர் கைக்குத்தான் போகும். தந்தி எல்லோருக்கும் சமமாக வந்தது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செட்டியார் கிட்டங்கியின் கணக்கு எனக்கு இதையெல்லாம் விடச் சுவையானது, ஏனென்றால் இங்கே பதில் காலத்தைப் பொறுத்து மாறுகிறது. ஏஜண்டு மூன்று வருடத் தவணைக்கு ஊரிலிருந்து வருவார். கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் அவர் பொறுப்பு. முதலாளியிடம் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய தேவை இல்லை. இந்த ஏற்பாடே கடிதக் காலத்துக்கென்று உருவானது போல இருக்கிறது. கேள்வி குறைவு என்றால் தந்தியும் குறைவு. கணக்கு நகலும் உண்டியலும் கப்பலில் போனால் போதும்.

1893 வரை பணமாற்றிலும் அவசரம் பெரிதாக இல்லை. பினாங்கில் புழங்கிய டாலரும் வெள்ளி, இந்திய ரூபாயும் வெள்ளி. ஒரு டாலரில் இருந்த வெள்ளி ஏறத்தாழ இரண்டேகால் ரூபாயில் இருந்த வெள்ளிக்குச் சமம். வெள்ளி விலை உலகச் சந்தையில் விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. உண்டியல் ஒரு வாரம் தாமதித்தால் பெரிய நஷ்டம் இல்லை. லண்டனோடு கணக்கு வைத்திருந்தவர்கள்தான் தவித்தார்கள்.

1893 ஜூனில் இந்திய அரசு நாணயச் சாலைகளில் பொதுமக்கள் வெள்ளி கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்வதை நிறுத்தியது. ரூபாய் வெள்ளியிலிருந்து பிரிந்து, சில வருடத்தில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நின்றது (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). டாலர் வெள்ளியோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போனது. 1870களின் தொடக்கத்தில் 4 ஷில்லிங்குக்கு மேல் இருந்தது, 1902 இறுதியில் 1 ஷில்லிங் 8 பென்ஸுக்கும் கீழே. ரூபாயில் சொன்னால் இரண்டேகாலிலிருந்து ஒன்றேகாலுக்கும் கீழே. ஊர் முதலை டாலரில் கடன் கொடுத்தவர் ஒவ்வொரு மாதமும் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. என்றைக்குப் பணத்தை ஊருக்கு அனுப்புவது, என்றைக்கு நிறுத்திவைப்பது என்பதில் ஒரு வாரம் என்பது பெரிய தொகை. இந்தப் பதின்மூன்று வருடத்துக்கு, 1893லிருந்து 1906 வரை, கிட்டங்கிக்குத் தந்திதான் சரியான தேர்வு என்பேன். அதிலும் வங்கி மூலமான தந்திப் பணமாற்று. வங்கிகள் தங்களுக்குள் ரகசியச் சோதனைச் சொல் வைத்திருந்தன. உத்தரவு உண்மையானதா என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். தனி ஆளுக்குத் தனி ஆள் கொடுக்கிற தந்தியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

1906இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஒரு டாலருக்கு ஒன்றேமுக்கால் ரூபாய், அப்படியே நின்றது. அவசரம் தணிந்தது, கடிதம் மறுபடி தன் இடத்துக்கு வந்தது. ஒரே கிட்டங்கி, ஒரே கம்பி, ஒரே கப்பல். வெள்ளி விலை மட்டும்தான் விடையை மாற்றியது. கம்பி வந்த ஆண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது கண்ணில் படாது.

பாக்கும் துணியும் விற்கிற சிறு வியாபாரிக்கு நான் கடிதத்தையே சொல்வேன். அவருடைய சரக்கு நாகப்பட்டினம் போகும் அதே கப்பலில் கடிதமும் போகிறது. சரக்குக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்து அங்கே என்ன ஆகப்போகிறது? விலை நிலவரம் வேண்டுமென்றால் பினாங் கெஜட் போன்ற பத்திரிகைகள் அச்சிட்ட ராய்ட்டர் தந்திகளை, இங்கிலீஷ் தெரிந்த யாராவது படித்துச் சொல்லக் கேட்கலாம். பெரிய கம்பெனிக்கு அது பழைய செய்தி. சிறியவருக்கு அதுவே போதும். வருடத்தில் ஓரிரு தடவை, கப்பல் தவறிவிட்டது, சரக்கு நனைந்துவிட்டது போன்ற அவசரத்துக்கு ஒரு சாதா தந்தி. இதற்காக நூறு பக்கச் சங்கேதப் புத்தகம் வாங்கி வைப்பது வீண் செலவு. பங்காளியோடு பேசி ஒரு தாளில் பத்துச் சொல் எழுதி வைத்துக்கொண்டால் தாராளமாகப் போதும்.

1914

இந்த வரிசை முழுவதையும் ஒரு வருடம் தலைகீழாக்கியது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு தந்திகளைத் தணிக்கைக்கு உட்படுத்தி, சங்கேதங்களைத் தடை செய்தது. புரிகிற ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் எழுது என்றார்கள். சில மாதம் கழித்துத்தான் அச்சில் உள்ள சில பொதுச் சங்கேதப் புத்தகங்களை அனுமதித்தார்கள். இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தனி நோட்டுகள் பயனற்றுப் போயின.

கப்பலும் நம்ப முடியாததாயிற்று. செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தது. 22ஆம் தேதி இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே வந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்கப் போனபோதுதான், அங்கிருந்த தந்திக்காரர்கள் முந்திக்கொண்டு அனுப்பிய செய்தியால் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது. அதுவரை நாகப்பட்டினம் கப்பல் எப்போது வரும், அதில் ஏறிய உண்டியல் போய்ச் சேருமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே 1914 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் நீங்கள் கடை வைத்திருந்தால், நான் கடைசியில் தள்ளிய சாதா தந்தியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தணிக்கைக்காரர் படிக்கட்டும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியட்டும். ஆங்கிலத்தில் பெயர், தொகை, தேதி மூன்றையும் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, கடிதத்தின் இரண்டு பிரதிகளை வெவ்வேறு கப்பலில் அனுப்ப வேண்டும்.